எல்லார் முதுகிலும்

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தை, ஊர் விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்துவிடும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மல்லிகை மூட்டைகள் வந்து இறங்கும். தூக்குகிறவர், நிறுக்கிறவர், உதிரிப்பூவைச் சரம் கட்டுகிறவர் என்று விளக்கு வெளிச்சத்தில் ஒரு கூட்டமே ஓடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறியபின் வீடு திரும்பி, ஒரு வாய் சாப்பிட்டு, மத்தியானத்தில்தான் அவர்கள் கண் அசருவார்கள். அப்போது பிள்ளைகள் விழித்திருப்பார்கள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பெரியவர்கள் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். நிலா வெளிச்சம், பாட்டி மடி, பாதித் தூக்கம் என்று நாம் எழுதி எழுதிப் பழகிய இராக்கதை நேரம் அந்த வீடுகளில் இல்லை.

அதனால் நான் பகலில் கதை சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு. அதில் ஒரு வேப்பமரம். பகலில் கதை சொன்னால் தாய்மாமன் வழி தப்பிவிடுவார் என்று வட இந்தியப் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் எத்தனையோ தாய்மாமன்கள் எத்தனையோ ஊர்களுக்கு ஏறிப் போகிறார்கள். எல்லாரும் வழி தப்பாமல் வீடு போய்ச் சேரட்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு வாரமும் தொடங்குகிறேன்.

இது 2021-இன் கடைசியில் ஆரம்பித்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்னால் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. சாயங்கால நேரத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றார்கள். நானும் பெயர் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு எழுத்து மறந்திருந்தது; அது எதிர்பார்த்ததுதான். ஒன்றாக உட்காருவதே மறந்திருந்தது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் முழங்கை பட்டால் சண்டை. ஒருவர் பேசினால் இன்னொருவர் காத்திருக்க மாட்டார். எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இவர்கள் ஒரே இடத்தில் மூச்சு விடட்டும் என்று நினைத்துக் கதையைக் கையில் எடுத்தேன்.

தென்பாண்டிச் சீமையில் மாட்டுச் சந்தையை மாட்டுத்தாவணி என்பார்கள். மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிற்றுக்கும் தாவணி என்று ஒரு பெயர் உண்டு. முதல் மாதம் நான் செய்ததும் கட்டுகிற வேலைதான். வரிசையாக உட்கார வைத்தேன். கையைக் கட்டச் சொன்னேன். வாயில் விரல் வைக்கச் சொன்னேன். எல்லாம் அடங்கியபின் கதையைத் தொடங்கினால், பின்வரிசைப் பிள்ளைகளுக்கு முன்வரிசையின் பின்மண்டைதான் தெரிந்தது. கதை மூன்று பேரைத் தாண்டிப் போகவில்லை.

கிஜுபாய் பதேகாவை அந்த மாதம்தான் திரும்ப எடுத்து வாசித்தேன். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கியவர். அவருடைய புத்தகம் தமிழில் ‘பகல் கனவு’ என்று வந்திருக்கிறது. அதில் வரும் ஆசிரியர் முதல்நாள் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு அமைதி விளையாட்டு வைக்கப் பார்ப்பார். வகுப்பே அமளிதுமளிப்படும். மறுநாள் போய் வேறெதுவும் சொல்லாமல் ஒரு கதையை ஆரம்பிப்பார். அமைதி தானாக வந்து உட்காரும். நான் அதைப் பல வருடம் முன்பே வாசித்திருந்தேன். ஆனால் வேப்பமரத்தடியில் தோற்ற பிறகுதான் அந்தப் பக்கம் எனக்குப் புரிந்தது. அமைதி வந்தபின் கதை சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன். கதை தொடங்கட்டும் என்று அமைதி காத்திருந்தது.

வரிசையைக் கலைத்தேன். பிறை நிலா மாதிரி வளைந்து உட்கார்ந்தார்கள். நானும் நாற்காலியை விட்டு அவர்கள் உயரத்துக்குத் தரையில் இறங்கினேன். கூப்பிடுவதற்கு இரண்டு கொட்டாங்கச்சி. ஜப்பானில் 1930-களில் கமிஷிபாய்க்காரர்கள் மிதிவண்டியில் படப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டி, மிட்டாய் விற்று, படம் படமாகக் கதை சொல்வார்கள். மூச்சு முட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் வருவார்கள். அதைப் படித்த ஆசையில்தான் கொட்டாங்கச்சி வந்தது. தட்டினால் தெருமுனை வரை கேட்கும். கதைக்குள் குதிரை வந்தால் அதுவே குளம்பொலியாகிவிடும்.

இருபது பிள்ளைகள், நான்கு வயது முதல் ஒன்பது வயது வரை. சின்னவர்களைப் பார்த்துச் சொன்னால் பெரியவர்கள் எழுந்து போவார்கள். பெரியவர்களுக்குச் சொன்னால் சின்னவர்கள் மண்ணை அள்ளி விளையாடுவார்கள். இதற்கு வழி கிடைக்க ஒரு வருடம் ஆனது. உட்கார முடியாத பிள்ளைக்கு எழுந்து நிற்க ஒரு காரணத்தைக் கதைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். நரி ஊளையிடும் இடத்துக்கு ஒரு பையன் பொறுப்பு என்று வைத்தால், அந்த இடம் வரும்வரை அவன் கண் என்னைவிட்டு அகலாது. பேருந்து ஹாரன் அலறினால் நான் குரலை உயர்த்துவதில்லை. நிறுத்திவிடுவேன். நிறுத்திய இடத்தில் கதை இன்னும் கனத்து நிற்கும். முக்கியமான இடத்தில் குரலைத் தாழ்த்துவேன். பிள்ளைகள் பின்புறத்தாலேயே நகர்ந்து நகர்ந்து கிட்டே வருவார்கள்.

ஒன்றை மட்டும் அடியோடு விட்டுவிட்டேன். ‘இந்தக் கதையிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று கேட்பதை. கேட்ட நாட்களில் அந்த முகங்கள் மாறியதைப் பார்த்திருக்கிறேன். பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது காசு கேட்டது போல ஒரு வாட்டம். நல்லெண்ணத்தோடு கதை சொல்ல வருகிற நண்பர்களிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

நம் ஊர்க் கதைக்கு ஒரு பழைய சட்டம் உண்டு. கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்கிறவர் நிறுத்திவிடுவார். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவதும் அதே வேலைதான். வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சொல்லும்போது இது எளிது. ‘ம்’ மெலிய மெலியத் தூக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும். இருபது பேர் கூட்டத்தில் ‘ம்’ என்பது ஒரு தனிப்பாடம். முந்திக்கொண்டு வரும் ‘ம்’ இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கதை முன்பே தெரியும். இழுத்துக்கொண்டு வரும் ‘ம்’ இருக்கிறது, அது நம்பவில்லை. இருபது பேரும் ‘ம்’ கொட்ட மறந்து வாய் திறந்தபடி இருக்கும் இடம் ஒன்று வரும். அந்த மௌனத்துக்குத்தான் நான் வாரம் முழுக்கத் தயாராகிறேன்.

என்ன கதை என்று கேட்டால், நான் தயாராகிப் போகும் கதை ஒன்று, அவர்கள் கேட்கும் கதை ஒன்று. ‘அக்கா, புட்டுக் கதை சொல்லுங்கக்கா.’ போன வாரமும் அதைத்தானே சொன்னேன் என்றால், ‘இந்த வாரம் சொல்லலைல்ல’ என்பார்கள்.

மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64 விளையாடல்களில் 61-ஆவது, மண் சுமந்த படலம். ஒவ்வோர் ஆவணியிலும் மீனாட்சி கோயிலிலிருந்து சாமி புட்டுத்தோப்புக்கு எழுந்தருள, ஊரே அந்தக் கதையைத் திரும்ப நடித்துப் பார்த்துக்கொள்கிறது. அதன் முன்கதையில் வரும் வாதவூரர், மாணிக்கவாசகர், பிறந்த திருவாதவூரும் இங்கிருந்து மேலூர்ப் பக்கம் போனால் வந்துவிடும். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை அவர் கோயிலுக்குச் செலவழித்தது, நரிகள் குதிரைகளாகி வந்து இரவோடு இரவாகத் திரும்ப நரிகளானது, ராசா கோபித்தது, வைகை உடைத்துக்கொண்டது என்று அது நீளமானது. நரி வந்ததும் ஊளைக்காரன் எழுந்து நிற்பான். குதிரைக்குக் கொட்டாங்கச்சி.

வைகையின் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பறை அறைவார்கள். புட்டு விற்கும் வந்திப் பாட்டிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த புட்டைக் கூலியாகக் கொடுத்தால் போதும் என்று ஒரு கூலியாள் வருவான்; வேறு யாருமில்லை, சாமிதான். தலையில் சும்மாடு, கையில் கூடை. அன்றைக்குப் பார்த்து அவித்த புட்டெல்லாம் உதிரும். அவன் தின்பான், ஆடுவான், தூங்குவான். பாட்டியின் பங்குக் கரை மட்டும் திறந்தே கிடக்கும்.

இந்தக் கதையைக் கல்லூரிகளில் பேசியிருக்கிறேன், பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். மாட்டுத்தாவணிப் பிள்ளைகளிடம் சொன்னபோதுதான் அது எவ்வளவு தூரம் கூலிக் கதை என்று தெரிந்தது. சும்மாடு என்றால் என்ன என்று அங்கே விளக்க வேண்டியதில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவன் தலைத்துண்டைச் சுருட்டி வைத்துக் காட்டினான். அவன் அப்பா வைக்கிற மாதிரியே. ஒரு சிறுமி கேட்டாள்: ‘பாட்டி வீட்ல ஏன் ஆளே இல்ல? சந்தைக்குப் போயிட்டாங்களா?’ இன்னொருவன் முகம் சுளித்தான்: ‘கூலிய வாங்கிட்டு வேலை பாக்காமத் தூங்குனா அடிக்கத்தான் செய்வாங்க.’ அதற்கு ஒருத்தி, ‘காசா குடுத்தாங்க? உதுந்த புட்டுதானடா குடுத்தாங்க’ என்றாள். அரை மணி நேரம் சண்டை. கூலி எது, வேலை எது, அடிக்க யாருக்கு உரிமை என்று ஏழு வயதுக்காரர்கள் வழக்காடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

கதையின் உச்சம் உங்களுக்குத் தெரியும். ராசா பிரம்பை ஓங்கி அந்தக் கூலியாளின் முதுகில் அடிப்பார். அடி அங்கே இருந்த எல்லார் முதுகிலும் விழும். படைவீரன் முதுகில், பாட்டி முதுகில், மரத்தில் இருந்த பறவை முதுகில், அடித்த ராசாவின் முதுகிலும். நான் ‘சுளீர்!’ என்று தரையில் தட்டியதும் இருபது கைகளும் அவரவர் முதுகுக்குப் போகும். ‘ஆ!’ என்ற சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பும். அந்த ‘ஆ’வுக்காகத்தான் கதையையே கேட்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன்.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது பிள்ளைகளின் பிடிவாதம் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு சாராருக்கு வெவ்வேறு கதைகள். புதிய சொற்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத்தான் வந்தன. ஒரே கதையைக் கேட்டவர்கள்தான் அந்தச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். என்னுடைய அனுபவமும் அதையே சொல்கிறது. ஆனால் சொற்களைவிடப் பெரிய ஒன்றும் அங்கே நடக்கிறது. முதல்முறை கேட்கும்போது வரும் ‘ம்’ ஒரு கேள்வி: அப்புறம்? பத்தாவது முறை வரும் ‘ம்’ ஒரு சாட்சி: ஆமாம், அப்படித்தான் நடந்தது. பூ விலை நாளுக்கு நாள் மாறும், அப்பா எப்போது வருவார் என்று சொல்ல முடியாது, வாடகை வீடு வருடத்துக்கு ஒன்று. வந்திப் பாட்டி மட்டும் சொன்ன இடத்தில் இருக்கிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஒன்றை அவர்கள் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒருமுறை நான் அதை மாற்றிப் பார்த்தேன். பிரம்படி வேண்டாம், ராசா திட்டுவதோடு நிறுத்தலாம் என்று நினைத்தேன். நாலு வயதுக்காரி எழுந்து நின்று, ‘அப்படி இல்லக்கா. எல்லாருக்கும் வலிக்கும்ல’ என்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. அடி வேண்டாம் என்று எனக்கு இருந்த கவலை பெரியவர்களின் கவலை. அடி விழாவிட்டால் எல்லாருக்கும் வலிக்காதே என்பது அவள் கவலை.

பிறகு அந்த ஞாயிறு.

ஊளைக்காரன் தாமதமாக வந்தான். ஏழு வயது. வழக்கமாக மரத்தில் சாய்ந்து உட்காருகிறவன், அன்று சாயாமல் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கொட்டாங்கச்சியை எடுக்கக் குனிந்தபோது சட்டை மேலே ஏறியது. முதுகில் நீளமாக ஒரு தடிப்பு. தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. காலையில் அந்தச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இத்தனை சின்ன வயதிலேயே, எதைப் பேசக் கூடாது என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

காக்கா கதை சொல்கிறேன் என்றேன். அவனே சொன்னான்: ‘புட்டுக் கதைதான்.’

சொன்னேன். ஊளையிடும் இடத்தில் எழுந்து ஊளையிட்டான், வழக்கத்தைவிட நீளமாக. புட்டு உதிர்ந்தது. கூலியாள் தூங்கினான். ராசா வந்தார். பிரம்பை எடுத்த இடத்தில் என் கை தரைக்கு மேலே நின்றுவிட்டது. எப்படித் தட்டுவது என்று தெரியவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவனும் காத்திருந்தான். மெதுவாகத் தட்டினேன். ‘சுளீர்’ என்பது எனக்கே கேட்காத மாதிரி வந்தது.

‘ஆ’ வரவில்லை. அவனுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி இருந்தாள். மூன்று மாதமாக வருகிறாள், ஒரு ‘ம்’ கூடக் கொட்டியதில்லை. அவள் தன் முதுகைத் தொடவில்லை. அவன் முதுகில் கையை வைத்தாள். தடிப்பின் மேல் படாமல், கொஞ்சம் தள்ளி, பூவை எடுக்கிற மாதிரி. அந்தப் பக்கம் இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டு அவனும் வைத்தான். பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

‘ராசாவுக்கும் வலிச்சுச்சுல்ல?’ என்று ஊளைக்காரன் கேட்டான்.

‘வலிச்சுச்சு.’

‘ம்’ என்றான்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அந்தப் பேச்சு அந்த வீட்டோடு இருக்கட்டும். ஆனால் திரும்பி நடக்கும்போது, இத்தனை வருடம் நான் சொல்லிவந்த கதையை அன்றைக்குத்தான் கேட்டேன் என்று தோன்றியது. ஒரு முதுகில் விழுந்த அடி இன்னொரு முதுகுக்கு எப்படிப் போய்ச் சேரும்? தோலுக்கும் தோலுக்கும் நடுவில் வழி இல்லை. என் பல்வலியை உங்களால் உணர முடியாது. இந்த உலகத்தில் ஒவ்வோர் உடம்பும் தனியாகத்தான் வலிக்கிறது. அந்தப் படலத்தில் அந்த வழி திறந்ததுதான் அதிசயம். நரி குதிரையானதைவிடப் பெரிய அதிசயம். அதே அதிசயத்தை, சாமி இல்லாமலேயே, கதை செய்கிறது. நாலு பேர் நெருங்கி உட்கார்ந்து, ஒரே குரலைக் கேட்டு, ஒரே இடத்தில் மூச்சை நிறுத்தும்போது, யாரோ ஒரு கூலியாளின் வலி அந்த முதுகுகளுக்கு வருகிறது. அப்படி வந்து வந்து பழகிய முதுகுக்குத்தான் பக்கத்தில் இருப்பவனின் வலி தெரியும். செல்பேசியில் தனியாகப் பார்க்கிற பிள்ளைக்கும் கதை கிடைக்கும். பக்கத்து முதுகு கிடைக்காது. பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வதற்கு மொழி வளரும், நினைவாற்றல் வளரும் என்று நூறு காரணம் சொல்லலாம். எல்லாம் உண்மை. எனக்கு இந்த ஒன்று போதும்.

அடுத்த ஞாயிறு சந்தைப் பக்கம் முகூர்த்த நாள் நெரிசல். பிள்ளைகள் எனக்கு முன்பே வந்து கூடியிருந்தார்கள். புட்டுக் கதை. ‘சுளீர்’ என்றதும் இருபது கைகளும் பக்கத்தில் இருந்த முதுகுகளுக்குப் போயின. எந்தப் புராணத்திலும் இல்லாத மாற்றம், அவர்களே செய்துகொண்டது. ஆனால் பிறையின் இரண்டு கோடியிலும் ஒரு சங்கடம். ஒரு கோடியில் இருந்தவளுக்குக் கை வைக்க முதுகு இல்லை. மறுகோடியில் இருந்தவன் முதுகில் கை வைக்க ஆள் இல்லை.

‘இருங்கக்கா’ என்று ஊளைக்காரன் கதையை நிறுத்தினான். எல்லாரையும் எழுப்பி, இழுத்து, நகர்த்தி உட்கார வைத்தான். பிறை மூடிக்கொண்டே வந்து முழுவட்டமானது. என்னையும் கையைப் பிடித்து வட்டத்துக்குள் உட்கார்த்தினான். ‘இப்பச் சொல்லுங்க. ராசா வந்தாரு.’

‘ராசா வந்தாரு’ என்றேன்.

‘ம்.’

‘பெரம்ப எடுத்தாரு.’

‘ம்.’

தரையைத் தட்டினேன். என் முதுகில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்னக் கை வந்து விழுந்தது.